நோய் மீண்டும் வருமா?



மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை முடிந்த சகோதரிகள் எங்களிடம் கேட்கும் முதல் கேள்வி, "ஐயா, இது திரும்ப வருமா?" என்பதே. அடுத்தது, "கீமோ கட்டாயம் போட வேண்டுமா?" முடி உதிர்வதைவிட, மாதக்கணக்கில் வேலைக்குப் போக முடியாதே என்ற கவலையே அநேகருக்குப் பெரிது.

நெய்வேலியில் வாழ்கிறவர்களுக்கு ஒன்று தெரியும். பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் மிகுந்த அழுத்தத்தோடு நீர் இருக்கிறது. மேலே பார்த்தால் தெரியாது. அந்த அழுத்தத்தை அறிந்து நீரை இறைத்துக்கொண்டே தோண்டுகிறார்கள். கட்டிகளும் அப்படியே. அளவில் ஒன்றுபோல் இருக்கும் இரண்டு கட்டிகளில் ஒன்று அடங்கிக் கிடக்கும், மற்றது பரவும். அந்த உள்வேகத்தை மதிப்பிடச் சில பரிசோதனைகள் உண்டு.

இதற்கென்று மறுபடியும் கத்தி வைப்பதில்லை. அறுவையில் எடுத்து மெழுகில் பதித்த திசுவே போதும். ஆன்கோடைப் டிஎக்ஸ் என்னும் அமெரிக்கப் பரிசோதனை 21 மரபணுக்களின் செயல்பாட்டை அளந்து, 0 முதல் 100 வரை ஓர் எண்ணைத் தருகிறது. பெங்களூர் ஆன்கோஸ்டெம் நிறுவனத்தின் கேன்அசிஸ்ட் பிரெஸ்ட், மரபணுக்களுக்குப் பதிலாக 5 புரதங்களைப் பார்த்து, கட்டியின் அளவு, தரம், நெறிக்கட்டின் நிலை ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிடுகிறது.

2018-ல் டெய்லர்எக்ஸ் ஆய்வின் முடிவு வெளியானது. நெறிக்கட்டில் நோய் பரவாத, 11 முதல் 25 வரை எண் பெற்ற 6,711 பெண்களில் ஒரு பிரிவினருக்கு ஹார்மோன் சிகிச்சை மட்டும். மறு பிரிவினருக்குக் கீமோவும் சேர்த்து. 9 ஆண்டுகளில் இரு பிரிவிலும் நூற்றுக்கு ஏறத்தாழ 95 பேருக்குத் தூர உறுப்புகளில் நோய் திரும்பவில்லை. ஆனால் 50 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களில் 16 முதல் 25 வரை பெற்றவர்களுக்குக் கீமோவால் ஓரளவு பயன் இருந்தது.

இது எல்லாருக்கும் உரியதல்ல. ஹார்மோனால் வளரும் தன்மையுள்ள, ஹெர்-2 மிகைப்படாத, ஆரம்ப நிலைக் கட்டிகளுக்கே பொருந்தும். "என் மகளுக்கும் வருமா?" என்பதற்கு இதில் பதில் இல்லை, அது வேறு பரிசோதனை.

இது கிதியோன் விரித்த தோலும் அல்ல. குறைந்த எண் பெற்ற ஒரு சகோதரி, விடுதலை கிடைத்தது என்று சாட்சி சொன்னார். நாங்களும் மகிழ்ந்து ஸ்தோத்திரம் செலுத்தினோம். சில மாதங்கள் சென்றபின்தான், அவர் மாத்திரையை நிறுத்திவிட்டது தெரிந்தது. கேட்காமல் விட்டது எங்கள் தவறு. அந்தக் குறைந்த எண்ணே, குறைந்தது 5 ஆண்டுகள் ஹார்மோன் மாத்திரை உட்கொள்வார் என்ற கணக்கின்மேல் நிற்கிறது. மருத்துவர் எடுத்துச் சொன்னபின் மறுபடியும் தொடங்கியிருக்கிறார். இப்பொழுது ஜெபிப்பதற்கு முன் மாத்திரையைக் குறித்து விசாரிக்கிறோம்.

இப்பரிசோதனையின் செலவு, ஒரு கூலிக் குடும்பத்தின் பல மாத வருமானம். ஆகவே, முடிவைப் பொறுத்துச் சிகிச்சை மாறக்கூடியவர்களுக்கு மட்டுமே மருத்துவர்கள் இதைச் சொல்லுகிறார்கள். மற்றவர்களுக்கு மாத்திரைக்கும் பேருந்துக் கட்டணத்துக்கும் உதவுவதே மேலான உதவி. உங்கள் காணிக்கை அந்த 5 ஆண்டுகளிலும் அவர்களோடு நடக்கட்டும்.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனைப் போதகர்