காரில் இருந்தபடியே கரண்டிவாயன்



அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், மெக்சிகோ வளைகுடா ஓரம் இருக்கிறது சானிபெல் தீவு. அங்குள்ள டிங் டார்லிங் வனவிலங்குப் புகலிடத்தின் அலையாத்திக் காடுகளுக்கு ஊடே, சுமார் ஆறரை கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு சாலை செல்கிறது. பறவைகளைப் பார்க்க ஏற்ற ஒருவழிப் பாதை அது.

அங்கே கடிகாரத்தைவிடக் கடலைப் பார்த்துக் கிளம்புவதே நல்லது. கடல்நீர் வடியும்போது சேற்றுப்பரப்பு வெளியே தெரியும். நண்டும் இறாலும் சிறு மீனும் தேடிப் பறவைகள் கூட்டமாக இறங்கும். இளஞ்சிவப்புக் கரண்டிவாயன், தட்டையான அலகை நீரில் இருபுறமும் வீசி வீசி இரை தேடும். நம் வேடந்தாங்கலுக்கு வரும் வெள்ளைக் கரண்டிவாயனுக்கு இது நெருங்கிய உறவு. இரையிலுள்ள நிறமிகளே இதன் சிறகுக்குச் சிவப்பைத் தருகின்றன.

நடந்து வரும் மனிதரைக் கண்டால் பறவைகள் சட்டென்று பறந்துவிடும். மெதுவாக நகரும் காரை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. அதனால் காரே ஒரு மறைவிடம் ஆகிறது.

புகலிடத்துக்குப் பெயர் தந்த ஜே நார்வுட் டார்லிங் ஒரு கேலிச்சித்திரக்காரர், இருமுறை புலிட்சர் பரிசு பெற்றவர். 1934இல் வெளியான அமெரிக்காவின் முதல் வாத்து முத்திரையை, அதாவது நீர்ப்பறவை வேட்டைக்காரர்கள் வாங்க வேண்டிய வில்லையை, வரைந்தவரும் அவரே. இத்தகைய முத்திரைகளை விற்கும் பணத்தில் இன்றும் பறவைகளுக்காக ஈரநிலங்கள் வாங்கப்படுகின்றன.

ஈரநிலம் இருந்தால்தான் பறவை வரும். நம் ஊர் ஏரிக்கும் கழிமுகத்துக்கும் இது பொருந்தும், நேயர்களே!