420 ரூபாய்க்கு மரப் பெயர்ப்பலகை: கிஃப்ட் கணக்கு வேற, பிசினஸ் கணக்கு வேற!

மாச பட்ஜெட்ல வாடகை, இஎம்ஐ, எஸ்ஐபி எல்லாம் எழுதுவோம். கிஃப்ட்னு ஒரு வரி யாரும் எழுதுறதில்லை. தை, வைகாசி, ஆவணி வந்தா ஆபீஸ் குரூப்ல பத்திரிகையா விழும். ஆளுக்கு ஆயிரம்னு மூணு கிரகப்பிரவேசம் போனாலே அந்த மாச எஸ்ஐபி காலி. அவ்வளவு கொடுத்தும், அந்த வீட்டுக்கு நாம கொடுத்தது நாலாவது சுவர்க்கடிகாரம்!

இதுக்கு மாற்றா நான் சொல்றது, கையால செய்யுற மரப் பெயர்ப்பலகை. பளபளன்னு பாலிஷ் போடாம, மரத்தோட ரேகையும் பழைய ஆணித் துளையும் தெரியுற மாதிரி விட்டு, வீட்டுப் பேரை எழுதிக் கொடுக்கிறது.

முதல்ல செலவைப் பார்ப்போம். ஊருக்கு ஊர், கடைக்குக் கடை விலை மாறும். ஒரு உத்தேசக் கணக்குதான். கை ரம்பம் 350, பிரஷ் 150, அக்ரிலிக் பெயின்ட் 250, வார்னிஷ் 200. ஆக 950 ரூபாய். இது ஒரு தடவை வாங்கினா அஞ்சு பலகைக்குத் தாராளமா வரும். அப்புறம் ஒவ்வொரு பலகைக்கும் மரம் 150, உப்புத்தாள் 40, கொக்கி, கயிறு 40. அதாவது 230. ஒண்ணே ஒண்ணு செஞ்சா 1,180 ரூபாய். கடையிலேயே வாங்கியிருக்கலாம்! அஞ்சு செஞ்சா மொத்தம் 2,100, ஒண்ணு 420. அதனால வருஷத்துக்கு நாலஞ்சு விசேஷம் இருக்கிறவங்க மட்டும் இறங்குங்க.

மரம் வாங்குறப்போதான் கவனம் வேணும். பழைய வீடு இடிச்ச சாமான் விக்கிற கடையில தேக்குத் துண்டு கிடைக்கும். தட்டிப் பாருங்க, பொடி உதிர்ந்தா உளுத்த மரம், வேண்டாம். பழைய பெயின்ட் ஒட்டியிருக்கிற பலகையும் வேண்டாம். அந்தக் காலத்து பெயின்ட்ல ஈயம் இருக்கலாம். தேய்க்கிற தூசி மூச்சுக்குள்ள போகும். இறக்குமதிப் பெட்டி, பாலெட் மரம்னா முத்திரையைப் பாருங்க. 'ஹெச்டி'ன்னா சூடுபடுத்திப் பதப்படுத்தினது, எடுத்துக்கலாம். 'எம்பி'ன்னா மெத்தில் புரோமைடு புகை போட்டது, தொடாதீங்க.

செய்முறை சிம்பிள். 80, 120, 220ன்னு வரிசையா உப்புத்தாள் போட்டு, ரேகை போற திசையிலேயே தேய்க்கணும். மாஸ்க் கட்டாயம். பேரை பிரிண்ட் எடுத்து, தாளோட பின்பக்கம் பென்சிலைக் கருப்பா தேய்ச்சு, பலகை மேல ஒட்டி, பேனாவால எழுத்தோட ஓரத்தை அழுத்தி வரைஞ்சா அச்சு விழுந்துடும். அதுல பெயின்ட், காஞ்சதும் ரெண்டு கோட் வார்னிஷ். வாசல்ல மாட்டுறதுன்னா வெளிப்புற வார்னிஷா கேட்டு வாங்குங்க. பேரோட ஸ்பெல்லிங்கைப் பத்திரிகையைப் பார்த்தே எழுதுங்க. ஜோசியர் சொல்லி 'ஹெச்' சேர்த்தவங்க நிறைய!

பலகையைப் பார்த்துட்டு ஒருத்தர் கண்டிப்பா கேப்பார்: "ப்ரோ, எனக்கும் ஒண்ணு, 700 தரேன்." இங்கதான் கால்குலேட்டரை எடுக்கணும். 700ல 420 போனா 280. வேலை அஞ்சு மணி நேரம். மணிக்கு 56 ரூபாய்! மாசம் 40,000 சம்பளம், 200 மணி நேர வேலைன்னா உங்க ஒரு மணி நேரம் 200 ரூபாய். அப்போ விலை 1,420க்குக் குறையக் கூடாது. நண்பனுக்குச் செய்யுறப்போ அந்த அஞ்சு மணி நேரத்துக்கு நான் விலை போடமாட்டேன், அது ஞாயித்துக்கிழமை சந்தோஷம். விக்கிறப்போ போட்டே ஆகணும்.

தொடர்ந்து வித்தா அது தொழில் வருமானம். தொகை சின்னதுன்னு ஐடிஆர் 1லயே போட்டுட முடியாது. உத்தேச வருமான முறையில காட்டுறவங்களுக்கு ஐடிஆர் 4 இருக்கு. அதுக்கும் முன்னாடி உங்க அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்து, வேற தொழில் செய்யக் கூடாதுன்னு ஏதாவது வரி இருக்கான்னு படிச்சிடுங்க. இருந்தா, ஹெச்ஆர் கிட்ட மெயில்ல அனுமதி வாங்கிட்டு முதல் ஆர்டரை எடுங்க.