உங்களுக்குத் தெரியுமா? இருபதில் ஒரு தற்செயல்

● 'புள்ளியியல்படி குறிப்பிடத்தக்கது' என்ற சான்றிதழோடு ஆய்வுச் செய்திகள் வருகின்றனவே, அதற்குப் பின்னால் ஒரு தேநீர்க் கோப்பை இருக்கிறது. இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையம், 1920களின் தொடக்கம். கோப்பையில் முதலில் ஊற்றியது பாலா, தேநீரா என்று குடித்தே சொல்லிவிடுவேன் என்றார் மியூரியல் பிரிஸ்டல் என்ற பாசி ஆய்வாளர். உடன் பணிபுரிந்த ரொனால்ட் ஃபிஷர் அதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி சொன்னார். மொத்தம் எட்டுக் கோப்பை. நான்கில் பால் முதலில், நான்கில் தேநீர் முதலில். வரிசையைக் கலைத்துக் கொடுத்து, பால் முதலில் ஊற்றிய நான்கையும் பொறுக்கச் சொல்ல வேண்டும்.

எட்டிலிருந்து நான்கைப் பொறுக்க 70 வழிகள் உண்டு. அவற்றில் முழுக்கச் சரியானது ஒன்றே ஒன்று. குருட்டாம்போக்கில் நான்கும் சரியாக அமைய வாய்ப்பு 1.4 சதவீதம். அப்படி அமைந்தால் அவர் நாக்கை நம்பலாம். நான்கில் மூன்றுதான் சரி என்றால்? வெறும் ஊகத்திலேயே அந்த அளவோ அதற்கு மேலோ வர 70இல் 17 வழிகள், அதாவது 24 சதவீதம். ஒரே ஒரு கோப்பை தவறினாலும் சான்று கரைந்துபோகிறது. ஆய்வில் எத்தனை பேர், எத்தனை முறை என்று முதலில் கேட்க வேண்டியது இதனால்தான்.

● 5 சதவீதம், அதாவது இருபதில் ஒன்று என்ற எல்லைக்கோடு இயற்கை வகுத்ததல்ல. 1925இல் வெளியான தம் புத்தகத்தில் ஃபிஷர் அதை வசதியான எல்லை என்றே சொன்னார். பிற்காலத்தில் அவரே, எந்த விஞ்ஞானியும் எல்லா ஆய்வுக்கும் ஒரே கோட்டை வைத்து முடிவெடுப்பதில்லை என்ற கருத்தை எழுதினார். துகள் இயற்பியலாளர்களின் கோடு வேறு. 2012 ஜூலை 4இல் ஹிக்ஸ் துகளை செர்ன் ஆய்வகம் அறிவித்தபோது அவர்கள் வைத்திருந்த அளவுகோல், தற்செயலுக்கு ஏறக்குறைய 35 லட்சத்தில் ஒரு வாய்ப்பு.

● ஆய்வு முடிவை அந்த எல்லைக்கோட்டோடு ஒப்பிட உதவும் எண் பி மதிப்பு. அது 0.05 என்றால் 'இந்த முடிவு உண்மையாக இருக்க 95 சதவீத வாய்ப்பு' என்று படித்தவர்களே சொல்கிறார்கள். அது தவறு. உண்மையில் எந்த விளைவும் இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வித்தியாசம் தற்செயலாகத் தென்பட எவ்வளவு வாய்ப்பு என்பதை மட்டுமே அது சொல்கிறது. அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016இல் இதை விளக்கித் தனி அறிக்கையே வெளியிட்டது.

● சாக்லேட் தின்றால் உடல் இளைக்கும்! 2015இல் பல நாட்டு ஊடகங்களில் ஓடிய செய்தி இது. ஜெர்மனியில் அந்த ஆய்வை நடத்தியவர்களில் ஒருவர் ஜான் பொஹானன் என்ற பத்திரிகையாளர். மோசமான ஆய்வு எவ்வளவு எளிதாகத் தலைப்புச் செய்தியாகிறது என்று காட்டுவதே அவர் நோக்கம். ஆய்வு நிஜம்தான், எண்களும் நிஜம்தான். ஆனால் ஆட்கள் 15 பேர், அளந்தவை 18: எடை, கொழுப்பு, தூக்கம் என்று நீண்ட பட்டியல். ஒவ்வொன்றிலும் தற்செயலுக்கு இருபதில் ஒரு வாய்ப்பு. 18 அளவுகளும் ஒன்றையொன்று சாராதவை என்று வைத்துக் கணக்குப் போட்டால், ஏதாவது ஒன்றாவது 'குறிப்பிடத்தக்கது' ஆக 60 சதவீத வாய்ப்பு. எடை சிக்கியது, அதையே தலைப்பாக்கினார்கள். வேறொன்று சிக்கியிருந்தால் சாக்லேட்டுக்கு அந்தப் பெருமை கிடைத்திருக்கும்.

● செத்த சால்மன் மீனை மூளை ஸ்கேன் கருவியில் கிடத்தி, மனிதர்களின் படங்களைக் காட்டினார்கள் அமெரிக்க ஆய்வாளர்கள் (2009). அதன் மூளையில் 'செயல்பாடு' தெரிந்தது! ஆயிரக்கணக்கான புள்ளிகளைத் தனித்தனியாகச் சோதித்ததன் விளைவு அது. அத்தனை சோதனைகளுக்கும் ஏற்பக் கணக்கைத் திருத்தியதும் செயல்பாடு மறைந்தது.

● எதை அளக்கப்போகிறோம் என்பதை முன்கூட்டியே பதிவு செய்துவிட்டால், கிடைத்ததைப் பிறகு பொறுக்க முடியாது. மனிதர்களிடம் நடக்கும் மருத்துவப் பரிசோதனைகளைப் பதிவு செய்ய இந்தியாவில் 2007 முதல் சிடிஆர்ஐ என்ற பொதுப் பதிவேடு இயங்குகிறது. இணையத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். நம் செய்தியாளர்கள் இதை இன்னும் அதிகம் புரட்ட வேண்டும்.

● அமெரிக்காவில் 22,071 ஆண் மருத்துவர்களிடம் ஆஸ்பிரின் ஆய்வு நடந்தது. சுமார் ஐந்தாண்டுகளில் மாரடைப்பு வந்தது ஆஸ்பிரின் எடுத்தவர்களில் 139 பேருக்கு, வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 239 பேருக்கு. '44 சதவீதம் குறைவு' என்பது சரியே. ஆயிரம் பேருக்கு 22 என்பது 13 ஆனது என்பதும் அதே அளவு சரி. ஆஸ்பிரினால் ரத்தக்கசிவு வரக்கூடும் என்பதால், மாத்திரையைப் பற்றி முடிவெடுக்கிறவருக்கு இரண்டாவது கணக்குதான் உதவும். பி மதிப்பு இதைச் சொல்லாது.

● காசநோய்க்கான பிசிஜி தடுப்பூசிக்கு உலகில் நடந்த மிகப் பெரிய சோதனைகளில் ஒன்று நடந்தது நம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில். 1968இல் தொடங்கி 2,81,161 பேருக்குத் தடுப்பூசியோ வெற்று ஊசியோ போட்டார்கள். யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறை தீர்மானித்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பிசிஜி தடுக்கவில்லை என்பதே முடிவு. உலகுக்கே ஏமாற்றமளித்த அந்த முடிவை 1979இல் ஒளிக்காமல் வெளியிட்டார்கள். பதினைந்து ஆண்டுகள் வரை தொடர்ந்து கண்காணிக்கவும் செய்தார்கள். அந்த நேர்மை கொண்டாடப்பட வேண்டியது.

அதே சோதனையில் குழந்தைகளுக்கான பாதுகாப்பு 27 சதவீதம் என்று வந்தது. ஆனால் அதன் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி (தரவோடு பொருந்தக்கூடிய அளவுகளின் வரம்பு), மைனஸ் 8 முதல் 50 வரை. நடுவில் பூஜ்யம் இருப்பதால் இது 'குறிப்பிடத்தக்கது' ஆகாது. ஆனால் 'பயனில்லை' என்றும் ஆகாது. நோயில் பாதியைத் தடுத்திருக்கவும் கூடும் என்கிறதே அந்த 50! குழந்தைகளை மூளையைத் தாக்கும் காசநோயிலிருந்து பிசிஜி காக்கிறது என்று வேறு ஆய்வுகள் காட்டின. பிறந்த குழந்தைக்கு அதை இன்றும் போடுவது அதற்காகத்தான்.