பாறைப் பிளவுகளும் கிணற்றுக் கடனும்

மஞ்சக்குப்பத்தில் கிணறு வெட்டுவோருக்குப் பாறையைப் பற்றிய கவலை இல்லை. அங்கே மணலும் களிமண்ணுமே. 1993-ஆம் வருஷம் வரையில் அவ்வூரிலிருந்து நிர்வகிக்கப்பட்ட தென்னாற்காடு ஜில்லாவின் மேற்குப் பாகத்தில், செஞ்சி, திருக்கோவலூர், கள்ளக்குறிச்சிப் பக்கங்களில், நிலைமை வேறு. மேல்மண்ணுக்குக் கீழே கடினமான பாறை. அதன் பிளவுகளில்தான் நீர் தங்கி ஓடும். பிளவில்லாவிடில் கிணறு வறண்டு கடன் மட்டும் நிற்கும். பிளவு மிகுந்தாலோ பக்கம் சரியும்.

இப்பிளவுகளை எண்ணால் மதிப்பிடும் முறையொன்றை அமெரிக்காவில் டான் டீர் என்பவர் 1960-களில் வகுத்தார். பாறையைக் குடைந்து உருளையாக எடுத்த கல்லில், 10 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள துண்டுகளை மட்டும் கூட்டி, குடைந்த மொத்த நீளத்தில் அது நூற்றுக்கு எத்தனை என்று பார்க்கவேண்டும். ஒரு மீட்டரில் 25, 18, 12, 8, 6, 15, 4, 12 சென்டிமீட்டர்த் துண்டுகள் கிடைத்தால், 8, 6, 4 தள்ளுபடி, மீதி 82. 75-க்கு மேற்பட்டது நல்ல பாறை. 25-க்குக் குறைந்தது மிக மோசம். குடையும்போது புதிதாக முறிந்ததைப் பிளவாகக் கொள்ளலாகாது.

இதில் ஒரு விபரீதம் உண்டு. எல்லாத் துண்டுகளும் 11 சென்டிமீட்டராயின் மதிப்பு 100. எல்லாம் 9 ஆயின் பூஜ்யம்!

குடியானவர்கள் போடும் ஆழ்துளைக் கிணற்றில் கல் தூளாகவே வெளிவருவதால், உருளை கிடைப்பதில்லை. அதற்கும் வழியுண்டு. பிளவுகள் ஒழுங்கின்றிச் சிதறிக் கிடக்குமிடத்தில், மீட்டருக்கு எத்தனை பிளவு என்ற எண்ணிக்கையிலிருந்தே மதிப்பைக் கணிக்கலாமென்று பிரீஸ்ட், ஹட்ஸன் என்னும் இருவர் 1976-இல் காட்டினர். மீட்டருக்கு 5 பிளவானால் மதிப்பு சுமார் 91. 10 ஆனால் 74. 20 ஆனால் 41. ஆகவே பக்கத்து நிலத்துப் பழைய கிணற்றின் பாறைச் சுவரில் அளவுநாடாவைப் பிடித்துப் பிளவுகளை எண்ணினால் போதும். வெடிவைத்ததால் உண்டான புதுக் கீறல்களை விட்டுவிடவேண்டும்.

நாடாவை மேலிருந்து கீழாக மட்டும் பிடித்தால் செங்குத்தான பிளவுகள் கணக்கில் அகப்படா, குறுக்காகவும் பிடிக்கவேண்டும். ஒரே சுவரை நம்பாமல் நாலு பக்கமும் எண்ணுவது உசிதம். மதிப்பு 41 போலத் தாழ்ந்திருந்தால், சுற்றுக்கட்டுக்கான செலவையும் கடன் மனுவிலேயே சேர்க்கவேண்டும். இல்லையேல் தோண்டுவதிலேயே பணம் தீர்ந்து, முதல் மழையில் பக்கம் சரியும்.

தண்ணீரைப்பற்றி இவ்வெண் நிச்சயமாக ஒன்றும் கூறாது. களிமண் அடைத்த பிளவும் எண்ணிக்கையில் ஒன்றே, ஊற்றுள்ள பிளவும் ஒன்றே. சித்திரை மாதத்தில் எந்தப் பிளவுகளில் கசிவு நிற்கிறதென்பதை எண்ணிக்கையோடு தனியே குறித்துக்கொள்ளவேண்டும்.