உங்களுக்குத் தெரியுமா? சுற்றிப் போனால் சீக்கிரம் போகலாம்!

சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கு மிகக் குறுகிய வான்வழித் தூரம் சுமார் 15,350 கிலோமீட்டர். நடுவில் எங்கும் இறங்காமல் இதைக் கடக்கும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் சேவை 2020 நவம்பரில் தொடங்கியது. பயண நேரம் ஏறக்குறைய பதினெட்டே முக்கால் மணி.

பூகோள உருண்டையில் இவ்விரு ஊர்களுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். அது வட துருவத்தை ஒட்டியே போகும். ஆனால் நியூயார்க் செல்லும் விமானம் பெரும்பாலும் அந்த வழியை எடுப்பதில்லை. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கூடுதலானாலும் பசிபிக் பெருங்கடலின் மேல்தான் பறக்கிறது. காரணம், காற்று. சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ‘ஜெட் ஸ்ட்ரீம்’ சில சமயம் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும். அது பின்னாலிருந்து தள்ளும்போது எரிபொருளும் மிச்சம், நேரமும் மிச்சம். வானில் தூரத்தைவிடக் காற்றின் திசையே பெரிது!

இத்தகைய மிக நீண்ட பயணங்களுக்கென்றே உருவான ஏர்பஸ் ஏ350-900 யூ.எல்.ஆர். விமானம் 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். சாதாரண ஏ350-900 விமானத்தைவிட 24,000 லிட்டர் அதிகம். எடையைக் குறைக்க முன்பக்கச் சரக்கு அறையைப் பயன்படுத்துவதே இல்லை. இருக்கைகளும் 161 மட்டுமே: பிசினஸில் 67, பிரீமியம் எகானமியில் 94. சாதாரண எகானமி வகுப்பு கிடையாது. கால் நீட்ட இடமில்லாமல் பதினெட்டு மணி நேரம் உட்காருவது யாருக்கும் பெரும்பாடு அல்லவா?