பெயர் இருக்கிறது, மாணவன் இல்லை

உயர்கல்வியில் தமிழ்நாடு முன்னணியில் நிற்கிறது என்பதற்கு ஆதாரமாக எல்லோரும் எடுத்துக்காட்டுவது, 2021-22ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்வி ஆய்வறிக்கை தரும் 47 சதவிகிதம் என்ற எண்ணைத்தான். அதே ஆண்டில் தேசத்தின் சராசரி 28.4. பெருமைக்குரியதே. ஆனால், 18 முதல் 23 வயது வரையிலுள்ள ஜனத்தொகைக்கு எதிரே கல்லூரிகளில் பெயர் பதிந்தவர்களை வைத்துப் பார்க்கும் இந்த விகிதம், வாசலுக்குள் நுழைந்தவர்களைச் சொல்லுமே அன்றி, பட்டத்தோடு வெளியே வந்தவர்களைச் சொல்லாது. சேலம், நாமக்கல் சமவெளியில் கல்லூரிக்குப் பஞ்சமில்லை. 1857ஆம் ஆண்டில் வேரூன்றிய சேலம் அரசு கலைக் கல்லூரி முதல், 1997இல் தோன்றிய பெரியார் பல்கலைக்கழகம் வரை, இடையிலே கோரிமேட்டு மகளிர் கல்லூரி, இராசிபுரம், நாமக்கல் அரசு கல்லூரிகள், திருச்செங்கோட்டைச் சுற்றிலும் எழும்பி நிற்கும் தனியார் கல்லூரிகள் என்று, இடத்துக்குக் குறைவே இல்லை. கிடைத்த இடத்தில் பிள்ளைகள் ஏன் நிலைப்பதில்லை என்பதே இங்கு விசாரிக்கத் தக்கது.

பணமில்லாமை என்று ஒரே சொல்லில் விடை கூறிவிடுவது சுலபம். அரசு கலைக் கல்லூரியில் இளங்கலைக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. பஸ் பாஸ் இலவசம். அரசுப் பள்ளியில் படித்து வந்த மாணவிக்கு 2022 செப்டம்பர் 5 முதல் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவனுக்கு 2024 ஆகஸ்ட் 9 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாசம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வருகிறது. இவ்வளவு உபகாரத்துக்குப் பிறகும் வகுப்பில் பெஞ்சுகள் காலியாகின்றன என்றால், அதற்குக் காரணம் கட்டணம் அன்று, காலம். கல்லூரியில் கழியும் ஒரு பகற்பொழுதுக்கு இந்தச் சீமையில் வெளியே ஒரு விலை உண்டு.

அந்த விலையைத் தெரிந்துகொள்ள, காவிரிக்கரைப் பள்ளிபாளையத்துக்கோ குமாரபாளையத்துக்கோ போனால் போதும். அங்கே விசைத்தறிப் பட்டறை முதலாளியிடம் குடும்பம் வாங்கியிருக்கும் முன்பணம், கல்யாணத்துக்கோ வைத்தியத்துக்கோ கைநீட்டி வாங்கியதாக இருக்கும், அது தீரும்வரை அந்தப் பட்டறையை விட்டு அகல இயலாது, தகப்பனுக்கு முதுகு ஒத்துழைக்காத நாளில் தறியை நிறுத்தி வைக்கவும் வழியில்லை, ஆகவே, பி.காம். முதலாண்டு படிக்கும் மகன், ‘இந்த வாரம் மட்டும்’ என்ற நிபந்தனையோடு இரவு ஷிப்டுக்குப் போகிறான். இரவெல்லாம் தறிச் சத்தத்தில் நின்றவன் காலை ஒன்பதரை மணிக்குக் கணக்குப்பதிவியல் வகுப்பில் உட்கார்ந்து என்னத்தைக் கேட்பான்? சேலத்தில் இதே நிர்ப்பந்தம் வெள்ளிக்கொலுசு உருவத்தில் வரும். வீட்டு முன்னறையிலேயே பற்றவைப்பும் சலங்கை கோப்பதும் நடக்கையில், சும்மா புத்தகம் பிடித்திருக்கும் கை எல்லோர் கண்ணிலும் படும். திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டியோடு வடதேசம் போய், சில மாசத்தில் புது மோட்டார் சைக்கிளோடு திரும்பும் சேக்காளி ஒருவன் போதும், நாலு பேர் படிப்பைச் சந்தேகிக்க.

இந்த விஷயத்தை ஆராய்ந்தவர்களில் பெயர் பெற்றவர் அமெரிக்கச் சமூகவியலாளர் வின்சென்ட் டின்டோ. படிப்பிலும் தோழமையிலும் கல்லூரியோடு ஒட்டாத மாணவனே விலகுகிறான் என்று 1975இல் அவர் சொன்ன சித்தாந்தம் பல்லாண்டு கோலோச்சியது. ஆனால், விடுதியிலேயே தங்கிப் படிக்கும் மாணவனை மனத்தில் வைத்து எழுந்த அந்த விளக்கம், விடியற்காலை டவுன் பஸ்ஸில் தொற்றிக்கொண்டு வந்து மாலையில் பட்டறைக்குத் திரும்புகிறவனுக்கு அரைகுறையாகத்தான் பொருந்தும். ஜான் பீன், பார்பரா மெட்ஸ்னர் என்ற இருவர் 1985இல் எழுதியதுதான் நமக்கு நெருக்கமானது: வீட்டிலிருந்து வந்து போகும் மாணவனின் கதியை நிர்ணயிப்பது, கல்லூரிக்குள் கிடைக்கும் நட்பைவிட, வெளியே அவன் உழைக்கும் மணிநேரமும், குடும்பப் பொறுப்பும், கைக்காசும்தாம் என்றார்கள் அவர்கள். காலை ஷிப்ட், மாலை ஷிப்ட் என்று அரசு கல்லூரிகள் இரண்டாகப் பிரிந்து நடந்ததால், அரை நாள் வேலை, அரை நாள் படிப்பு என்று எத்தனையோ பேர் கரையேறியிருக்கிறார்கள். அந்த ஏற்பாட்டை இகழ்ந்து பேசியவர்கள் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஒருவனும் ஒரே நாளில் கல்லூரியை விட்டுவிடுவதில்லை. தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்தவனுக்கு முதல் செமஸ்டரில் இங்கிலீஷ் பாடநூல். நவம்பர்த் தேர்வில் இரண்டு தாள் அரியர். வருஷம் வீணாவதில்லை, அடுத்த செமஸ்டருக்குப் போகலாம். ஆனால் அரியருக்கும் தாள் ஒன்றுக்கு இவ்வளவு என்று தேர்வுக் கட்டணம் கூடிக்கொண்டே போகும். இதற்கிடையே ஹாஜர் 75 சதவிகிதத்துக்குக் கீழே இறங்கினால் அபராதம். அதற்கும் கீழே போனால் தேர்வெழுத அனுமதியில்லை. இந்தக் கட்டத்தில், ‘ஏம்ப்பா ரெண்டு வாரமா காணோம்?’ என்று வாத்தியார் ஒருவர் போன் செய்து கேட்டால் திரும்பி வருகிறவர்கள் உண்டு; உபகாரச் சம்பளத்தைவிட அந்தக் கேள்வி சில வேளை அதிகம் சாதிக்கும் என்பது என் அபிப்பிராயம்.

பெண்களின் கதை வேறு. அவர்களில் பலரைக் கல்லூரியிலிருந்து அழைத்துப் போவது கூலி அன்று, ஜாதகக்கட்டு. நல்ல வரன் அமைந்தால் இரண்டாமாண்டோடு படிப்பு நிற்கும். ‘கல்யாணத்துக்கப்புறம் படிச்சுக்கலாம் கண்ணு’ என்று தேற்றுவார்கள். 2021 மே மாசம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றான பின்பு தூரம் ஒரு சாக்காகச் சொல்லப்படுவது குறைந்திருக்கிறது, வரன் குறையவில்லை. தனியார் கல்லூரியில் சேர்ந்து இடையில் நின்றவருக்கு இன்னொரு தொல்லை: பாக்கிக் கட்டணத்துக்காக அசல் மார்க் ஷீட்டைப் பிடித்து வைத்துக்கொள்வது. அப்படி வைத்துக்கொள்ளக் கூடாதென்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இலேயே அறிவித்திருக்கிறது; அதைச் சுட்டிக்காட்டிக் கேட்கும் துணிவு, முதல் தலைமுறையாகக் கல்லூரிப் படியேறிய குடும்பத்துக்கு எளிதில் வருவதில்லை.

எந்தப் பட்டியலிலும் இடைநின்றவர்களாகச் சேராத ஒரு வகையினரும் உண்டு. மூன்று வருஷமும் வந்து, குரூப் போட்டோவில் நின்று, டி.சி.யும் வாங்கிக்கொண்டு போனவர்கள். நாலைந்து தாள் மட்டும் பாக்கி. கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னே பி.காம். என்று அச்சாகிவிடும், அரியர் எழுதும் உத்தேசம் ஒவ்வொரு ஏப்ரலுக்கும் தள்ளிப் போகும். அரசுத் தேர்வாணையத்தின் குரூப் 2 தேர்வுக்குப் பட்டம் வேண்டும். குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். மூன்று வருஷம் கல்லூரிக்குப் போய்வந்தவன், பள்ளிக்கூட மார்க் ஷீட்டை எடுத்து வைத்துக்கொண்டு குரூப் 4க்கு விண்ணப்பம் போடுகிறான்.