காலா-ஆஜார் நோயும் உடலின் எதிர்ப்பும்

பீஹார் மாநிலத்தில் கங்கைக்கு வடக்கே உள்ள சமவெளிக் கிராமங்களில் காலா-ஆஜார் நோயாளிகளைத் தேடி வீடு வீடாகச் செல்லும் பணியாளர் ஒரு விந்தையை அடிக்கடி காண்பதுண்டு. மண்சுவர் எழுப்பிய குடிசை ஒன்றில் அண்ணனும் தம்பியும் அருகருகே உறங்குகின்றனர். மணல் ஈ இருவரையும் கடிக்கிறது. அண்ணனுக்கு வாரக்கணக்கில் காய்ச்சல் விடவில்லை. உடல் இளைத்து, வயிறு மட்டும் பருத்து, இடப்புற விலாவின் கீழ் மண்ணீரல் கைக்குத் தட்டுப்படுகிறது. தம்பியோ வயலுக்குப் போய் வருகிறான். ஆயினும் அவனுடைய இரத்தத்தைச் சோதித்தால் அவனுக்கும் தொற்று உண்டானதற்குரிய அடையாளம் காணப்படுகிறது.

இது அரிதான நிகழ்ச்சியன்று. இந்தியாவிலும் நேபாளத்திலும் நோய் பரவியுள்ள கிராமங்களில் நடைபெற்ற பெரும் ஆய்வு ஒன்றின் முடிவுகள் 2011-இல் வெளியாயின. புதிதாகத் தொற்று அடைந்தவர்களுள் நோய்வாய்ப்பட்டவர் ஒருவர் என்றால், நோய்க்குறி எதுவுமின்றி இருந்தவர் ஏறத்தாழ ஒன்பதுபேர் என்று அதில் கண்டனர். கிருமி ஒன்றே, கடித்த பூச்சியும் ஒன்றே. ஆகவே வேறுபாட்டைக் கிருமியினிடத்தில் மட்டும் தேடிப் பயனில்லை. அது புகுந்த உடலினிடத்திலும் தேட வேண்டும்.

இந்நோயை உண்டாக்கும் ஒற்றை அணு உயிரின் கதையில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. 1903-இல் இங்கிலாந்தில் லீஷ்மன் என்பவரும், அதே ஆண்டில் சென்னைப் பொது மருத்துவமனையில் டோனவன் என்பவரும் நோயாளிகளின் மண்ணீரலிலிருந்து எடுத்த பொருளில் இச்சிறு உருவங்களைக் கண்டு வெளியிட்டனர். இருவர் பெயரையும் இணைத்து 'லீஷ்மேனியா டோனவானி' என்று பெயரிட்டவர் ரொனால்ட் ராஸ். மணல் ஈயின் கடியினாலேயே நோய் மனிதருக்குத் தொற்றுகிறது என்பதைச் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் ஆகிய மூவர் அஸ்ஸாமில் செய்த சோதனைகள் 1942-இல் ஐயமற நிலைநாட்டின.

மணல் ஈயின் உடலில் இக்கிருமி வாலுடன் நீந்தும் வடிவில் வாழ்கிறது. மனிதத் தோலில் புகுந்ததும் வெள்ளணுக்கள் அதனைக் கவ்வி விழுங்குகின்றன. விழுங்குவதையே தொழிலாகக் கொண்ட பெரிய அணுக்களுக்கு மேக்ரோபேஜ் என்று பெயர். பிற நுண்ணுயிர்கள் பெரும்பாலும் இவ்வணுக்களின் உள்ளே அமிலத்தாலும் நொதிகளாலும் செரிக்கப்பட்டு அழியும். காலா-ஆஜார் கிருமியோ அங்கேயே வாலை இழந்து, உருண்டையாகி, 2 முதல் 4 மைக்ரான் அளவுள்ள வடிவத்தில் பெருகத் தொடங்குகிறது. தன்னைக் கொல்ல வேண்டிய அணுவையே அது வீடாகக் கொள்கிறது. மேக்ரோபேஜ்கள் மிகுந்துள்ள மண்ணீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை ஆகிய மூன்று இடங்களும் நோயின் உறைவிடமாவதற்குக் காரணம் இதுவே.

மேக்ரோபேஜ் தானாக இதனைக் கொல்ல வல்லதன்று. அதற்கு ஓர் ஆணை வர வேண்டும். அவ்வாணையை அனுப்புபவை டி அணுக்கள் எனப்படும் ஒருவகை வெள்ளணுக்கள். ஆணையாக வருவது இன்டர்ஃபெரான்-காமா என்னும் புரதம். இப்புரதம் மேக்ரோபேஜின் மேற்பரப்பைத் தொட்டதும் உள்ளே சில மரபணுக்கள் விழித்தெழுகின்றன. கிருமியைத் தாக்கும் ஆக்சிஜன் சேர்மங்களையும் நைட்ரிக் ஆக்சைடையும் ஆக்குவதற்குரிய நொதிகள் பெருகுகின்றன. எலியில் இந்நிகழ்ச்சி மிகத் தெளிவாகக் காணப்பட்டது. மனிதரில் நைட்ரிக் ஆக்சைடின் பங்கு அத்துணைத் தெளிவாக இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். எலியில் கண்டதெல்லாம் மனிதனுக்கும் பொருந்தும் என்று கொள்வது இத்துறையில் பலமுறை ஏமாற்றம் அளித்திருக்கிறது.

மரபணு விழித்தெழுதல் என்றால் என்ன? வகுப்பில் இதனை விளக்க விரும்பும் ஆசிரியர் தாலுகா அலுவலகத்தின் பதிவேட்டு அறையை உதாரணமாகக் கொள்ளலாம். மூல ஏடுகள் அறையை விட்டு வெளியே வருவதில்லை. வேலைக்கு வேண்டிய பக்கத்திற்கு மட்டும் நகல் எடுத்து வெளியே அனுப்புகின்றனர். அவ்வாறே மனித உடலின் பெரும்பாலான அணுக்களில் ஏறத்தாழ 20,000 புரத மரபணுக்கள் அடங்கிய ஒரே ஏட்டுத் தொகுதி இருக்கிறது. கல்லீரல் அணுவும் வெள்ளணுவும் வேறுபடுவது அவற்றில் எந்தெந்தப் பக்கங்களுக்கு நகல் எடுக்கப்படுகிறது என்பதினால்தான். இந்நகலுக்குத் தூது ஆர்.என்.ஏ. என்று பெயர். நகலைப் படித்தே அணு புரதத்தை ஆக்குகிறது. ஒரு நாளில் எந்தப் பக்கத்தின் நகல்கள் எத்தனை புறப்பட்டன என்று எண்ணினால், அன்று அலுவலகத்தில் என்ன வேலை நடந்தது என்பது புலப்படுமன்றோ? நோயுற்ற உறுப்பிலிருந்து சிறிதளவு அணுக்களை எடுத்துத் தூது ஆர்.என்.ஏ.க்களை எண்ணும் முறையும் இதுவே.

காலா-ஆஜாரில் நீண்டகாலம் நிலவிய கருத்து ஒன்றுண்டு. நோயாளியின் உடல் கிருமியை அறியாமல் சோர்ந்து கிடக்கிறது, எதிர்ப்பே எழவில்லை என்று பலர் எண்ணினர். அதற்குக் காரணமும் இருந்தது. நோயாளியின் இரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைத் தனியே பிரித்து, கிருமியின் புரதத்தைச் சேர்த்துக் கண்ணாடிக் குழாயில் வைத்தால், அவை அசைந்து கொடுப்பதில்லை. இன்டர்ஃபெரான்-காமா வெளிப்படுவதில்லை. நோய் தீர்ந்த பின்னரே வெளிப்படும்.

முசாபர்பூரில் நோயாளிகளின் மண்ணீரலிலிருந்து எடுத்த அணுக்களை ஆராய்ந்து 2007-இல் வெளியிடப்பட்ட ஆய்வு இக்கருத்தை மாற்றியது. நோயறிதலின் பொருட்டு ஊசியால் எடுக்கும் மண்ணீரல் அணுக்களில் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் தூது ஆர்.என்.ஏ. அளக்கப்பட்டது. நோயின் உச்சத்தில் இன்டர்ஃபெரான்-காமாவின் நகல்கள் குறைந்திருக்கவில்லை, மிகுந்தே இருந்தன. ஆணை பிறந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அதனுடன் இன்டர்லூக்கின்-10 என்னும் மற்றொரு புரதத்தின் நகல்களும் மிகுந்திருந்தன. இது முன்னதற்கு நேர் எதிரான ஆணை. மேக்ரோபேஜைச் சாந்தப்படுத்தி, கிருமியைக் கொல்லும் வேலையை நிறுத்தி வைக்கிறது. 'தாக்கு' என்னும் ஓலையும் 'பொறு' என்னும் ஓலையும் ஒரே வாசலுக்கு ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தால் காவலன் என்ன செய்வான்?

இன்டர்லூக்கின்-10ஐ அனுப்பியவர் யார் என்பது அடுத்த வினா. எதிர்ப்பை அடக்குவதற்கென்றே உடலில் தனி வகை டி அணுக்கள் உண்டு. ஐயம் இயல்பாக அவற்றின்மீது விழுந்தது. அளந்து பார்த்தபோது அவை குற்றவாளிகள் அல்ல என்று தெரிந்தது. தாக்குதலில் ஈடுபடும் சாதாரண டி அணுக்களின் கூட்டத்திலேயே இன்டர்லூக்கின்-10இன் நகல்கள் மிகுதியாக இருந்தன. மேலும், நோயாளியின் இரத்த நீரில் உள்ள இன்டர்லூக்கின்-10 மேக்ரோபேஜ்கள் கிருமியை அடக்குவதைத் தடுத்தது என்றும் கண்டனர். 2011-இல் நோயாளிகளின் மண்ணீரல் அணுக்களைக் குழாயில் வைத்து இன்டர்லூக்கின்-10ஐச் செயலிழக்கச் செய்தபோது கிருமிகள் குறைந்தன. 2012-இல், வெள்ளணுக்களைப் பிரிக்காமல் முழு இரத்தத்தையே கிருமிப் புரதத்துடன் சேர்த்துப் பார்த்ததில், நோயுற்றவர் இரத்தத்திலும் இன்டர்ஃபெரான்-காமா வெளிப்படுவது தெரிந்தது. சோர்வு என்று கருதப்பட்டது பெருமளவும் சோதனை முறையின் விளைவே போலும்!

இவ்விடத்தில் வாசகருக்கு ஒரு கேள்வி எழலாம். தனக்கே தீங்கு செய்யும் இத்தகைய புரதத்தை உடல் ஏன் ஆக்குகிறது? இன்டர்லூக்கின்-10 பகைவன் அன்று. எதிர்ப்பு என்பது தீயைப் போன்றது. கிருமியோடு திசுவையும் எரித்துவிடும். இன்டர்லூக்கின்-10 மரபணு நீக்கப்பட்ட எலிகளில் குடல் அழற்சி தோன்றுகிறது. டாக்சோபிளாஸ்மா என்னும் வேறொரு ஒட்டுண்ணி அவற்றிற்குத் தொற்றினால், கிருமி அடங்கியிருந்தும், தம் எதிர்ப்பின் மிகுதியாலேயே அவை மடிகின்றன. காலா-ஆஜார் கிருமி தொற்றினாலோ அதே எலிகள் நன்கு தாக்குப் பிடிக்கின்றன. ஒரே கடிவாளம் ஒரு நோயில் உயிரைக் காக்கிறது, மற்றொன்றில் கிருமியைக் காக்கிறது. இன்டர்லூக்கின்-10ஐத் தடுத்து மனிதரைக் குணப்படுத்தும் எண்ணம் இதுவரை வழக்கமான சிகிச்சையாகாததில் வியப்பில்லை.

இனி அண்ணன் தம்பி விஷயத்திற்கு வருவோம். இந்தியாவிலும் பிரேசிலிலும் ஆயிரக்கணக்கானோரின் மரபணுத் தொகுதியை ஒப்பிட்ட ஆய்வு 2013-இல் வெளியாயிற்று. இரு நாடுகளிலும் கிருமியின் இனம் வேறு, மக்களும் வேறு. ஆயினும் நோய்வாய்ப்படும் தன்மையோடு தொடர்புடையதாக இரண்டிலும் ஒரே இடம் தென்பட்டது. எச்.எல்.ஏ. எனப்படும் மரபணுக்களின் ஒரு பகுதியே அது. கிருமியின் துண்டுகளை டி அணுக்களுக்கு எடுத்துக் காட்டும் புரதங்களை ஆக்குவது இப்பகுதி. எந்தத் துண்டு எவ்வாறு காட்டப்படுகிறது என்பதைப் பொறுத்து, பின்னர் எழும் எதிர்ப்பின் போக்கும் மாறலாம். இதனைக் கொண்டு 'இவர் நோயுறுவார், அவர் நோயுறார்' என்று எவரையும் முன்கூட்டிக் குறித்துவிட முடியாது. ஊட்டக்குறைவும் எச்.ஐ.வி. தொற்றும் தீமையைக் கூட்டுகின்றன. மூத்தவனின் தட்டில் இருந்தது என்ன, இளையவனின் தட்டில் இருந்தது என்ன என்பதும் கேட்கப்பட வேண்டியதே.

எதிர்ப்பின் மற்றொரு கிளை களப்பணியாளருக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. நோயாளியின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் எனப்படும் குளோபுலின் புரதங்கள் அளவுக்கு மீறிப் பெருகுகின்றன. 1920-களில் கல்கத்தாவில் நேப்பியர் வகுத்த சோதனையில், இரத்த நீருடன் ஒரு துளி ஃபார்மலின் சேர்த்ததும் அது வேகவைத்த முட்டையின் வெண்கரு போல் உறையும். குளோபுலின் மிகுதியே அதற்குக் காரணம். இத்தனை எதிர்ப்பொருள் இருந்தும் நோய் தீர்வதில்லை. ஏனெனில் கிருமி அணுவின் உள்ளே ஒளிந்திருக்கிறது, எதிர்ப்பொருளோ வெளியே சுற்றுகிறது. ஆனால் நோயை அடையாளம் காண அது உதவும். இன்று பயன்படும் ஆர்.கே.39 பட்டைச் சோதனை, கிருமியின் ஒரு புரதத்தை எதிர்க்கும் எதிர்ப்பொருளையே காட்டுகிறது.

பட்டையில் தோன்றும் கோடு கிருமியைக் காட்டுவதன்று. உடல் கிருமியைச் சந்தித்ததற்குரிய சான்றை மட்டுமே காட்டுகிறது. நோய்க்குறியற்ற தம்பிக்கும் அக்கோடு தோன்றலாம். நோய் தீர்ந்த அண்ணனுக்குச் சில ஆண்டுகள் கழித்தும் தோன்றலாம். ஆகையால் இரண்டு வாரத்திற்கு மேற்பட்ட காய்ச்சலும் மண்ணீரல் வீக்கமும் உள்ளவரிடத்திலேயே இச்சோதனை பொருளுடையதாகிறது. முன்பு சிகிச்சை பெற்றவருக்கு மீண்டும் காய்ச்சல் வந்தால் பட்டையை நம்பாமல், கிருமியையே நேரில் தேடிப் பார்க்கக்கூடிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

சிகிச்சை இன்று எளிதாகியிருக்கிறது. 1920-களில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி கண்ட யூரியா ஸ்டிபமைன் பல உயிர்களைக் காத்தது. ஆனால் ஊசி பலமுறை போட வேண்டியிருந்தது. இப்போது கொழுப்புறை இட்ட ஆம்ஃபோடெரிசின்-பி என்னும் மருந்தை, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 10 மில்லிகிராம் வீதம், ஒரே முறை நரம்பு வழியே செலுத்துகின்றனர். கிருமிகள் குறையக் குறைய மண்ணீரலில் இன்டர்லூக்கின்-10இன் நகல்களும் குறைகின்றன. தடைப்பட்டிருந்த ஆணை மேக்ரோபேஜைச் சென்று சேர்கிறது. மருந்து கிருமியின் கடைசி உயிர்வரை அழித்துவிடுவதாக எண்ணக் கூடாது. எஞ்சியவற்றை அடக்கி வைப்பது மீண்டெழுந்த எதிர்ப்பே. எச்.ஐ.வி. தொற்றும் உடையவர்களுக்கு நோய் திரும்பத் திரும்ப வருவது இதற்குச் சான்று.

எதிர்ப்பு உள்ளுறுப்புகளில் வென்றும் தோலில் வெல்லாத நிலையும் உண்டு. இந்தியாவில் சிகிச்சை பெற்றவர்களுள் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கு, சில மாதங்களோ சில ஆண்டுகளோ கழித்து, முகத்திலும் உடலிலும் வெளிறிய திட்டுகளோ முடிச்சுகளோ தோன்றுகின்றன. காய்ச்சல் இல்லை, வலியில்லை, அரிப்பும் பெரும்பாலும் இல்லை. தொழுநோய் என்று தவறாக எண்ணப்படுவதுண்டு. ஆனால் இத்திட்டுகளில் உணர்ச்சி குன்றுவதில்லை. உடல்நலம் கெடாததால் நோயாளி மருத்துவரை நாடுவதில்லை. அத்தோலின் கீழே கிருமிகள் உயிரோடு இருக்கின்றன.

இவர்களால் பிறருக்கு ஆபத்து உண்டா? முசாபர்பூரில் ஆய்வகத்தில் வளர்த்த தூய மணல் ஈக்களை மனிதரைக் கடிக்கச் செய்து, ஈக்களிடம் கிருமி சென்றதா என்று ஆராய்ந்து 2021-இல் முடிவு வெளியிட்டனர். தொற்று இருந்தும் நோய்க்குறி இல்லாதவர்களைக் கடித்த ஈக்களுக்குக் கிருமி செல்லவில்லை. காய்ச்சலோடு இருந்தவர்களிடமிருந்து சென்றது. தோல் முடிச்சு உடையவர்களிடமிருந்து மிகுதியாகவும், வெளிறிய திட்டு மட்டும் உடையவர்களிடமிருந்து ஓரளவும் சென்றது. நலமாயிருக்கும் தம்பியைக் கண்டு ஊரார் அஞ்ச வேண்டியதில்லை. குணமாகி வயலில் உழைக்கும் அண்ணனின் கன்னத்தில் புதிதாகத் தோன்றிய வெளிறிய திட்டையே பணியாளர் கவனிக்க வேண்டும்.

இந்தியா, நேபாளம், வங்காளதேசம் ஆகிய மூன்று நாடுகளும் 2005-இல் இந்நோயை ஒழிக்க ஒப்பந்தம் செய்துகொண்டன. இந்தியாவில் பீஹார், ஜார்க்கண்ட், மேற்கு வங்காளம், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் ஒவ்வொரு ஒன்றியத்திலும் ஆண்டுக்குப் பதினாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவாக நோயைக் கொண்டுவருவதே இலக்காயிற்று. வங்காளதேசம் இந்நிலையை எட்டியதை 2023-இல் உலக சுகாதார நிறுவனம் உறுதி செய்தது. நோயாளிகள் அருகிவரும் இக்காலத்தில் காய்ச்சல் பதிவேடு காலியாக இருப்பது போதாது. முன்பு சிகிச்சை பெற்றவர்களின் பட்டியலை எடுத்து, ஆண்டுதோறும் அவ்வீடுகளுக்குச் சென்று, பகல் வெளிச்சத்தில் முகத்தையும் முதுகையும் பார்த்து வருவது அவசியமாகும்.